'தி பிளேயர்': கொலைகாரன் தப்பிக்கும் படம் எப்படி நையாண்டியாகிறது?

ராபர்ட் ஆல்ட்மன் இயக்கி 1992இல் வெளிவந்த 'தி பிளேயர்' படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். ஹாலிவுட்டைக் கடுமையாகக் கேலி செய்வதாகப் புகழப்படும் ஒரு படத்தில் ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரங்களே வரிசைகட்டி வந்து முகம் காட்டிவிட்டுப் போகிறார்களே, இது கேலியா அல்லது அவர்கள் வீட்டு விருந்தா என்பது முதல் கேள்வி. எழுத்தாளன் ஒருவனைக் கொன்றுவிட்ட ஸ்டுடியோ நிர்வாகி பிடிபடாமல் பதவி உயர்வு பெற்று, செத்தவனின் காதலியோடு சுகமாகக் குடும்பம் நடத்துகிறானே, இதில் கண்டனம் எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் வசதி. அதற்கு விடை கிடைத்தால் முதல் கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படம் ஹாலிவுட்டுக்கு எதிராகக் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. ஒரு கதையை ஹாலிவுட் என்ன பாடு படுத்துமோ அதே பாட்டைத் தன் கதையையும் படுத்துகிறது. அப்படிப் படுத்தும்போது பார்வையாளர்களாகிய நாம் அதை விரும்பி ரசிக்கிறோம் என்பதையும் அம்பலப்படுத்திவிடுகிறது. முடிவைச் சொல்லாமல் இதை விளக்க வழியில்லை என்பதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு மேலே படிப்பது நல்லது.

நாயகன் கிரிஃபின் மில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் தயாரிப்பு நிர்வாகி. டிம் ராபின்ஸ் நடித்திருக்கிறார். கதை கேட்பதுதான் அவனுடைய தொழில். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 50,000 கதைகள் ஸ்டுடியோவுக்கு வருவதாகவும், அவற்றில் 12 கதைகளுக்கு மட்டுமே சம்மதம் சொல்ல முடியும் என்றும் ஓரிடத்தில் அவனே கணக்குச் சொல்கிறான். மீதமுள்ள அத்தனை பேரும் அவன்மீது மனக்குறையோடு திரிபவர்கள். அப்படிப்பட்ட ஒருவன், கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பத் தொடர்புகொள்வதாகச் சொல்லிக் கைவிட்டதற்காக, கொன்றுவிடுவதாக மிரட்டி அஞ்சல் அட்டைகள் அனுப்பத் தொடங்குகிறான். எழுத்தாளன் டேவிட் கஹேன்தான் அனுப்புகிறவன் என்று ஊகித்துக்கொண்டு கிரிஃபின் அவனைத் தேடிப் போகிறான். சமாதானம் பேசப் போனது வாக்குவாதமாகி, கார் நிறுத்துமிடத்தில் கைகலப்பாகி, கணுக்கால் நனையாத தண்ணீரில் கஹேனின் முகத்தை அழுத்திக் கொன்றுவிடுகிறான். கொலைக்குப் பிறகும் மிரட்டல் வருகிறது. ஆள் மாறிப் போயிற்று.

மைக்கேல் டால்கின் 1988இல் எழுதிய நாவல் இது, திரைக்கதையும் அவருடையதே. அவரும் அவருடைய சகோதரரும் படத்தில் எழுத்தாளர்களாகவே தலைகாட்டுகிறார்கள். வெறும் குற்றக்கதையாக எடுத்திருந்தாலும் ஓடியிருக்கும். ஆனால் கொலைகாரனுக்குச் சட்டத்தின்மேல் இருக்கும் பயத்தைவிட, போட்டி ஸ்டுடியோவிலிருந்து வந்து சேரும் லாரி லெவி தன் நாற்காலியைப் பிடித்துவிடுவானோ என்ற பயமே பெரிதாக இருப்பதுதான் இந்தக் கதையின் விசேஷம்.

முதல் காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தின் முறை முழுவதும் அதில் இருக்கிறது. கிளாப் பலகை அடிக்கப்படுவதில் தொடங்கி, ஏறத்தாழ எட்டு நிமிடங்களுக்கு ஒரு வெட்டுகூட இல்லாமல் கேமரா ஸ்டுடியோ வளாகத்தில் ஏறி இறங்கி அலைகிறது. கிரிஃபினின் அறைச் சன்னலுக்கு வெளியே நின்று உள்ளே நடக்கும் கதை சொல்லலை எட்டிப் பார்க்கிறது. திரும்பி, வளாகத்தில் நடந்துபோகிறவர்களின் வம்பைக் கேட்கிறது. மறுபடியும் அடுத்த எழுத்தாளரின் கதைக்குச் சன்னலோரம் வந்துவிடுகிறது. பக் ஹென்றி, தாமே திரைக்கதையில் பங்கேற்ற 1967ஆம் ஆண்டுப் படமான 'தி கிராஜுவேட்'டின் இரண்டாம் பாகத்தை விற்க வந்திருக்கிறார். பழைய காதலர்கள் இப்போது பேய்வீடு போன்ற ஒரு பெரிய வீட்டில் வசிக்கிறார்கள். மாமியார் திருமதி ராபின்சன் பக்கவாதம் வந்து பேச முடியாமல் அவர்களோடு இருக்கிறார். கல்லூரி முடித்த ஒரு மகள் இருக்கிறாள். நகைச்சுவையா என்று கேட்டால் ஆமாம், வேடிக்கையாகவும் இருக்கும், இருட்டாகவும் இருக்கும் என்கிறார். அந்த மகள் வேடத்துக்கு ஜூலியா ராபர்ட்ஸின் பெயர் உடனே வந்து விழுகிறது. முதல் பத்து நிமிடத்துக்குள் காதில் விழும் அந்தப் பெயர் கடைசியில் என்ன ஆகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

அதே ஷாட்டில் ஸ்டுடியோவின் பாதுகாப்புத் தலைவர் வால்டர் ஸ்டக்கல், இந்தக் காலத்துப் படங்களில் வெட்டு, வெட்டு, வெட்டு என்று வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள், ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' தொடக்கத்தில் வரும் நீண்ட ஷாட்டைப் போல இப்போது யாருக்கு எடுக்கத் தெரிகிறது என்று அங்கலாய்த்தபடி நடந்துபோகிறார். அவர் அங்கலாய்ப்பது, அதைவிட நீளமான ஒரு ஷாட்டுக்குள் நின்றுகொண்டு. இது சாமர்த்தியமான சிரிப்பு மட்டுமில்லை. பழைய படங்களின் பெருமையை அந்த வளாகத்தில் எல்லோரும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள், சுவரெங்கும் பழைய குற்றப் படங்களின் போஸ்டர்கள் தொங்குகின்றன, ஆனால் அங்கே தயாராகும் எதிலும் அந்தப் பெருமையின் சுவடு இல்லை என்பது முதல் நிமிடங்களிலேயே பதிவாகிவிடுகிறது. கடிதங்களைச் சைக்கிளில் கொண்டுவரும் பையன் இடிபட்டு விழுகிறான். சிதறிய தபால்களுக்கு நடுவே ஒரு அஞ்சல் அட்டை கிடப்பதைக் கேமரா பார்த்துவிட்டு நகர்கிறது. கதையின் முடிச்சு விழுந்துவிட்டது, ஆனால் அந்த இரைச்சலில் நமக்கு அது உறைப்பதில்லை.

அந்த ஷாட்டில் ஜப்பானிய விருந்தினர் குழு ஒன்றும் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கிறது. இன்று பார்ப்பவர்களுக்கு அது பின்னணி நிரப்பும் கூட்டமாகத் தெரியலாம். 1989இல் சோனி நிறுவனம் கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியது. அடுத்த ஆண்டு மட்சுஷிட்டா நிறுவனம் யுனிவர்சலின் தாய் நிறுவனமான எம்சிஏவை வாங்க ஒப்பந்தம் போட்டது. ஸ்டுடியோ யார் கைக்குப் போகும், எந்த நாற்காலி எப்போது ஆடும் என்று ஒவ்வொரு நிர்வாகியும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கிரிஃபினின் நடுக்கம் தனிமனிதக் கோளாறு இல்லை என்பதற்கு அந்தக் குழு ஒரு சாட்சி.

இனி எழுத்தாளர்கள் கதை சொல்லும் விதம். இருபத்தைந்து வார்த்தைக்குள் சொல் என்பது கிரிஃபினின் விதி. கோடம்பாக்கத்தில் 'ஒன்லைன்' என்று கேட்பார்களே, ஏறக்குறைய அதுதான். ஆனால் இங்கே ஒரு வரியில் கதை சொல்வதுகூட இல்லை, ஏற்கெனவே ஓடிய இரண்டு படங்களின் பெயரைக் கூட்டிச் சொன்னால் போதுமானதாகிவிடுகிறது. ஆப்பிரிக்காவுக்குப் போகும் தொலைக்காட்சி நடிகையின் கதையை ஒருவர் 'அவுட் ஆஃப் ஆஃப்ரிக்கா'வும் 'ப்ரெட்டி வுமன்'னும் சேர்ந்தது என்கிறார். இன்னொருவர் 'கோஸ்ட்' படத்தையும் 'தி மன்சூரியன் கேண்டிடேட்' படத்தையும் ஒரே மூச்சில் முடிச்சுப் போடுகிறார். இதில் கவனிக்க வேண்டியது கதை கேட்பவனின் அறியாமையை மட்டுமன்று. சொல்கிறவர்களும் அந்த மொழிக்கு முழுமையாகப் பழகிவிட்டார்கள். எழுத்தாளர்களைப் பாவப்பட்ட ஜீவன்களாகக் காட்டி அனுதாபம் தேடும் வேலையை ஆல்ட்மன் எங்கேயும் செய்யவில்லை. கொலையுண்ட கஹேனும் எரிச்சலூட்டுகிற, கர்வம் பிடித்த ஆள்தான். அவனுடைய எழுத்து நல்ல எழுத்தா என்பதற்குப் படத்தில் எந்த ஆதாரமும் தரப்படுவதில்லை.

லாரி லெவி வந்த பிறகு நடக்கும் கூட்டம் ஒன்று உண்டு. எழுத்தாளர்களுக்கு இத்தனை பணம் எதற்கு, கதை எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் என்று சொல்லி, செய்தித்தாளை நீட்டி, ஏதாவது ஒரு தலைப்பைப் படிக்கச் சொல்கிறான். எழுத்தறிவுத் திட்டத்துக்கு நிதி குறைக்கப்பட்டதைக் கண்டித்துக் குடியேறிகள் போராடுகிறார்கள் என்று ஒருவர் படித்தவுடன், துன்பங்களை வெல்லும் மனித மனத்தின் கதை என்று அதை ஒரு படமாக மாற்றி, நாயகனையும் போட்டுவிடுகிறான். அடுத்து, கடன் பத்திரங்களான 'பாண்ட்'களின் விலைச் சரிவால் பங்குச் சந்தை இறங்கியது என்ற செய்தி வருகிறது. பாண்ட் வேடத்துக்கு ஷான் கானரிதான் பொருத்தம் என்று நக்கலாக ஒரு குரல் எழுகிறது. கிரிஃபின் அமைதியாகச் சொல்கிறான்: கலைப் படைப்பிலிருந்து எழுத்தாளனை நீக்குவது அருமையான யோசனை, இதேபோல இயக்குநர்களையும் நடிகர்களையும் நீக்கிவிட முடிந்தால் ஏதாவது தேறும். படத்தின் சிறந்த வசனம் இது என்பேன். ஒரு எழுத்தாளனை உண்மையிலேயே நீக்கிவிட்ட கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு அவன் அதைச் சொல்கிறான் என்பது அங்கே நமக்கு மட்டும் தெரியும்.

மிரட்டுகிறவன் ஒரு கட்டத்தில் ஜோ கில்லிஸ் என்ற பெயரில் செய்தி அனுப்புகிறான். யார் இந்த ஜோ கில்லிஸ் என்று கிரிஃபின் கேட்க, பக்கத்திலிருப்பவர்கள் விளக்குகிறார்கள்: 'சன்செட் புலிவார்ட்' படத்தில் நடிகையால் சுட்டுக் கொல்லப்படும் எழுத்தாளன், வில்லியம் ஹோல்டன் நடித்த வேடம். பில்லி வைல்டர் 1950இல் எடுத்த அந்தப் படம் நீச்சல் குளத்தில் மிதக்கும் எழுத்தாளனின் பிணத்தோடுதான் தொடங்குகிறது. ஹாலிவுட்டைப் பற்றிய ஹாலிவுட் படங்களில் மிகப் புகழ்பெற்ற ஒன்றின் நாயகன் பெயர், திரைப்படத் தயாரிப்பையே தொழிலாகக் கொண்டவனுக்குத் தெரியவில்லை. இதை ஆல்ட்மன் அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை; விருந்துப் பேச்சின் சலசலப்பில் போகிற போக்கில் வந்துபோகிறது.

இதே போக்கில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' வருகிறது. கொலை நடக்கும் இரவில் கஹேன் பசடீனா பக்கத்து ரியால்ட்டோ திரையரங்கில் இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் அந்த 1948ஆம் ஆண்டுப் படத்தைத்தான் பார்க்கிறான். கிரிஃபின் கடைசிச் சில நிமிடங்களுக்கு உள்ளே வந்து உட்கார்கிறான். சைக்கிள் திருடி அகப்பட்ட தகப்பனின் கையை மகன் பற்றிக்கொள்வது திரையில் ஓடுகிறது. வெளியே வந்து, பெரிய படம், நாங்கள் இதை மறுபடியும் எடுத்தாலும் எடுப்போம் என்று கிரிஃபின் பேச்சுக் கொடுக்க, அதற்கும் நீ மகிழ்ச்சியான முடிவு வைத்துவிடுவாய் என்று கஹேன் திருப்பிக் கொடுக்கிறான். அந்த இரவு முடிவதற்குள் அப்படிச் சொன்னவன் உயிரோடு இல்லை.

மகிழ்ச்சியான முடிவு என்ற இந்த இடத்தில்தான் படத்தின் உயிர்நாடி இருக்கிறது. படத்துக்குள் 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்று இன்னொரு படம் உருவாகிறது. டாம் ஓக்லி என்ற இயக்குநர் கிரிஃபினை ஓர் இரவு மடக்கி, கண்கள் பளபளக்கக் கதை சொல்கிறார். கொலைக் குற்றத்துக்காக ஒரு பெண்ணுக்கு நச்சுவாயு அறையில் மரண தண்டனை வாங்கித் தரும் அரசு வழக்கறிஞர், அவளைக் காதலிக்கத் தொடங்கிவிடுகிறார். அவள் குற்றமற்றவள் என்று தெரிந்து ஓடி வரும்போது தண்டனை நிறைவேறி முடிந்துவிடுகிறது. அவள் சாகிறாள், ஏனென்றால் நிஜத்தில் அப்படித்தான் நடக்கும் என்கிறார் ஓக்லி. நட்சத்திரங்கள் கூடாது, முடிவை மாற்றக் கூடாது என்பவை அவருடைய நிபந்தனைகள். இது வெறும் கற்பனை வேடிக்கையாக அன்று இருந்திருக்காது. படம் அமெரிக்காவில் வெளியான 1992 ஏப்ரல் மாதத்திலேயே கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் நச்சுவாயு அறையில் ஒருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது; 1967க்குப் பிறகு அந்த மாநிலத்தில் நடந்த முதல் மரண தண்டனை அது.

நட்சத்திரமும் இல்லாமல் சோகமாகவும் முடிகிற இந்தப் படம் ஓடாது என்று கிரிஃபினுக்குத் தெரியும். தெரிந்தே அதை லாரி லெவியின் தலையில் கட்டுகிறான். படம் கவிழும், லாரி கவிழ்வான், கடைசி நேரத்தில் தான் வந்து காப்பாற்றியதாகப் பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். ஆக, அந்த ஸ்டுடியோவில் கொஞ்சமாவது உண்மையோடு தொடங்கும் ஒரே படத்துக்குச் சம்மதம் கிடைப்பதே எதிரியைக் குழியில் தள்ளுவதற்காகத்தான்.

ஓராண்டு கழித்து முடிந்த படத்தை நிர்வாகிகள் பார்க்கிறார்கள். கொல்லப்படக் காத்திருக்கும் பெண்ணாக ஜூலியா ராபர்ட்ஸ். நச்சுவாயு பரவத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் துப்பாக்கியோடு ப்ரூஸ் வில்லிஸ் பாய்ந்து வந்து, கண்ணாடியைச் சுட்டு உடைத்து, அவளைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார். ஏன் இத்தனை தாமதம் என்று அவள் கேட்கிறாள். போக்குவரத்து நெரிசல் தாங்கவில்லை என்கிறார் அவர். நட்சத்திரம் கூடாது என்ற ஓக்லி, பக்கத்தில் நின்று பூரித்துப் போகிறார். பானி ஷெரோ என்ற பெண் நிர்வாகி மட்டும், உண்மை என்ன ஆயிற்று, நிஜம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார். ஓக்லியின் பதில்: பழைய முடிவோடு லாஸ் ஏஞ்சல்ஸின் கனோகா பார்க் பகுதியில் சோதனைக்காகத் திரையிட்டோம், யாருக்கும் பிடிக்கவில்லை, மாற்றி எடுத்தோம், இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, அதுதான் நிஜம். பானி அன்றே வேலையை இழக்கிறாள்.

இந்தச் சோதனைத் திரையிடல் என்பது ஆல்ட்மனோ டால்கினோ கட்டிவிட்ட கதையன்று. வெளியீட்டுக்கு முன் சாதாரணப் பார்வையாளர்களைக் கூட்டி, படத்தைப் போட்டுக் காட்டி, அட்டைகளில் அவர்கள் எழுதித் தரும் கருத்தையும் மதிப்பெண்களையும் கூட்டிக் கழித்துப் படத்தில் கைவைப்பது ஸ்டுடியோக்களின் வழக்கமான நடைமுறை. 1987இல் வந்த 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' படத்தில் முதலில் எடுக்கப்பட்ட முடிவில் நாயகனின் கள்ளக்காதலி தற்கொலை செய்துகொண்டு பழியை அவன்மேல் விழவைப்பாள். சோதனைத் திரையிடலில் அது எடுபடாமல் போகவே, அவள் சுட்டுக் கொல்லப்படுவதாக வேறு முடிவு எடுத்துச் சேர்த்தார்கள், படம் பெருவெற்றி பெற்றது. ஜூலியா ராபர்ட்ஸை உச்சத்துக்குக் கொண்டுபோன 'ப்ரெட்டி வுமன்' கதைகூட எழுத்தில் முதலில் கசப்பாக முடிந்த ஒன்றுதான். படமானபோதுதான் தேவதைக் கதையானது. நச்சுவாயு அறையிலிருந்து தூக்கிவரப்படுபவராக அவரையே நடிக்க வைத்ததில் இருக்கும் குறும்பு 1992இல் படம் பார்த்தவர்களுக்கு விளக்காமலே புரிந்திருக்கும்.

இப்போது நண்பரின் இரண்டாவது கேள்விக்கு நேரடியாக வருகிறேன். கஹேனின் காதலி ஜூனை அழைத்துக்கொண்டு கிரிஃபின் பாலைவனத்தில் உள்ள ஒரு விடுதிக்குப் போகிறான். கஹேனின் கதையை ஏன் நிராகரித்தாய் என்று அவள் கேட்கும்போது, ஒரு படம் விற்பனையாவதற்குத் தேவையான சில அம்சங்கள் அதில் இல்லை என்கிறான். என்ன அம்சங்கள்? திகில், சிரிப்பு, வன்முறை, நம்பிக்கை, நெகிழ்ச்சி, நிர்வாணம், உடலுறவு, மகிழ்ச்சியான முடிவு; முக்கியமாக, மகிழ்ச்சியான முடிவு. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். திகிலுக்கு அஞ்சல் அட்டைகளும் காருக்குள் வைக்கப்பட்ட பாம்பும் இருக்கின்றன. சிரிப்புக்குக் குறைவில்லை. வன்முறைக்குக் கொலை இருக்கிறது. நிர்வாணமும் இருக்கிறது, ஆனால் நாம் எதிர்பார்க்கும் நாயகியிடம் இல்லை. வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்து திரைக்கதை படித்துக்கொண்டிருக்கும் பானியிடம், எந்தக் கிளர்ச்சிக்கும் இடமில்லாத ஒரு வேலைநேரக் காட்சியாக. உடலுறவுக் காட்சியில் கிரிஃபின், ஜூன் இருவரின் முகங்களை மட்டுமே கேமரா பார்க்கிறது. அந்த நேரத்தில்தான் அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வாயெடுக்கிறான், அவள் கேட்க விரும்பாமல் தடுத்துவிடுகிறாள். எல்லா அம்சங்களும் வந்து சேர்ந்துவிட்டன. மீதி, முடிவு ஒன்றுதான்.

முடிவும் பட்டியல்படியே வருகிறது. கொலைக்குச் சாட்சியாக ஒரு பெண்மணி கிடைக்கிறார். காவல் நிலைய அணிவகுப்பில் கிரிஃபினையும் வேறு சிலரையும் நிறுத்துகிறார்கள். அந்த அம்மாள் அடையாளம் காட்டுவது, லைல் லவெட் நடித்த துப்பறிவாளரை. கிரிஃபின் விடுதலை. ஸ்டுடியோவின் தலைவனாகவும் ஆகிவிட்டான். காரில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் தொலைபேசி வருகிறது. அஞ்சல் அட்டை எழுதியவன் மறுமுனையில் கதை சொல்கிறான்: ஸ்டுடியோ நிர்வாகி ஒருவன் தன்னை மிரட்டுவதாக நினைத்துத் தவறான எழுத்தாளனைக் கொன்றுவிடுகிறான், ஆனால் தப்பித்துவிடுகிறான், செத்தவனின் காதலியோடு சுகமாக வாழ்கிறான். அந்த முடிவுக்கு உத்தரவாதம் தர முடியுமானால் ஒப்பந்தம் உறுதி என்கிறான் கிரிஃபின். படத்தின் பெயர் என்ன? 'தி பிளேயர்'. பூத்துக் குலுங்கும் தோட்டமுள்ள வீட்டின் முன் கர்ப்பிணியான ஜூன் காத்திருக்கிறாள். ஏன் இத்தனை தாமதம் என்று அவள் கேட்க, ப்ரூஸ் வில்லிஸ் சொன்ன அதே நெரிசல் பதிலை இவனும் சொல்கிறான்.

கிரிஃபின் பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தர்மம் வென்றது என்ற திருப்தியோடு நாம் எழுந்து போயிருப்போம். அதுவும் ஒரு மகிழ்ச்சியான முடிவுதான், கனோகா பார்க்கில் நல்ல மதிப்பெண் வாங்கக்கூடிய முடிவு. அணிவகுப்புக் காட்சியில் அந்த அம்மாளின் விரல் யார் பக்கம் திரும்பப் போகிறது என்று காத்திருக்கும்போது, கிரிஃபின் தப்பித்துவிட வேண்டும் என்று நம் மனத்தில் ஒரு மூலை விரும்புகிறது. டிம் ராபின்ஸின் குழந்தைத்தனமான முகம் அதற்கு உதவுகிறது. இரண்டு மணி நேரமாக அவனோடே பயணம் செய்திருக்கிறோம் என்பதும் உதவுகிறது. நிர்வாகிகளைக் கெட்டவர்களாகவும் பார்வையாளர்களை ஏமாந்தவர்களாகவும் காட்டுவது எளிது. அட்டையில் மதிப்பெண் போடும் கூட்டத்தில் நம்மையும் உட்கார வைத்திருப்பதுதான் இந்தப் படத்தின் கண்டனம் இருக்கும் இடம்.

முதல் கேள்வி, நட்சத்திரங்கள். அறுபதுக்கும் மேற்பட்ட பிரபலங்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். கறுப்பு வெள்ளை உடை மட்டும் என்று அழைப்பு விடுக்கப்பட்ட விருந்துக்குச் சிவப்பு உடையில் வந்து நிற்பவர் ஷெர். பியானோ வாசித்துக்கொண்டிருப்பவர் ஜாக் லெமன். கிரிஃபினிடம் முகத்துக்கு முகம், என்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசாமல் நேரில் பேசு என்று சொல்லிவிட்டுப் போகிறவர் மால்கம் மெக்டவல். இவர்களெல்லாம் நிஜ மனிதர்கள் என்பதால், இவர்களோடு கைகுலுக்கும் கற்பனைக் கொலைகாரனும் நிஜமாகத் தெரிகிறான். அந்த அளவில் இது தேவையான உத்தி.

ஆனாலும் நண்பரின் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் நட்சத்திரத்துக்கு அதனால் இழப்பு ஏதும் கிடையாது. எனக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு என்ற நல்ல பெயர்தான் மிச்சம். படத்தின் பாதிக்குமேல், வருகிறவர் யார் என்று அடையாளம் காணும் விளையாட்டு சில நிமிடங்களுக்குக் கூர்மையை மழுங்கடிக்கவும் செய்கிறது. இன்னொரு குறை ஜூன் பாத்திரம். படம் பார்க்கும் வழக்கமே இல்லாத, தன் ஓவியங்களை முடிக்கவோ விற்கவோ விரும்பாத அந்தப் பெண்ணை ஹாலிவுட்டுக்கு எதிர்முனையாக நிறுத்துகிறார்கள்; கடைசியில் அவள் வெறும் பரிசுப் பொருளாகிவிடுகிறாள். நாயகிகளை ஹாலிவுட் நடத்தும் விதத்தைக் காட்டுவதற்காக வேண்டுமென்றே செய்தது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நான் முழுவதும் ஏற்கவில்லை. பானி வரும் காட்சிகளில் இருக்கும் உயிர் ஜூனின் காட்சிகளில் இல்லை.

இந்தப் படத்தை எடுத்தவர் எங்கே நின்றுகொண்டு எடுத்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970இல் 'மேஷ்', 1975இல் 'நாஷ்வில்' என்று எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்தவர் ஆல்ட்மன். 1980இல் வந்த 'பாப்பாய்' எதிர்பார்த்த பெயரைப் பெறாமல் போன பிறகு, பெரிய ஸ்டுடியோக்களின் கதவுகள் அவருக்கு மெல்ல அடைபட்டன. அந்தப் பத்தாண்டில் மேடை நாடகங்களைச் சிறிய செலவில் படமாக்கினார், தொலைக்காட்சிக்கு எடுத்தார், பாரிஸில் வசித்தார். கதவடைக்கப்பட்டவரின் ஆத்திரம் படத்தில் பொங்கி வழிந்திருக்கலாம். அப்படி வழியாததுதான் வியப்பு. கிரிஃபின்களை அவருக்கு நன்றாகத் தெரியும். வெறுப்பைவிட வேடிக்கை பார்க்கும் மனநிலையே மேலோங்கியிருக்கிறது. 1992ஆம் ஆண்டுக் கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருதும் டிம் ராபின்ஸுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. ஆஸ்கருக்கும் இயக்குநர், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு ஆகிய பிரிவுகளில் பரிந்துரை வந்தது. இயக்குநர் விருது அந்த ஆண்டு 'அன்ஃபர்கிவன்' படத்துக்காக கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்குப் போனது. கேலி செய்யப்பட்டவர்களே எழுந்து நின்று கைதட்டி, அவரைத் திரும்பவும் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். ரேமண்ட் கார்வரின் சிறுகதைகளை வைத்து அவர் எடுக்க நினைத்திருந்த 'ஷார்ட் கட்ஸ்' 1993இல் சாத்தியமானதற்கு இந்த வெற்றியே காரணம்.

இரண்டாம் முறை பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஆல்ட்மன் படங்களில் ஒரே நேரத்தில் பலர் பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிவு செய்து, எந்தப் பேச்சு எந்த அளவுக்குக் கேட்க வேண்டும் என்பதைப் பிறகு முடிவு செய்வது அவருடைய பழைய முறை. முதல் பார்வையில் கதையைத் தொடர்வதே பெரும்பாடு என்பதால் பாதிப் பேச்சு நழுவிவிடும். வசன எழுத்துகளைப் போட்டுக்கொண்டு முதல் எட்டு நிமிடத்தையும் செய்தித்தாள் கூட்டத்தையும் பாருங்கள். ஓரத்தில் நிற்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று தனியாகக் கவனித்தால், முன்னால் நடப்பதைவிட அது சிரிப்பாக இருக்கும்.